நாயின் பின்கால்களும் அப்பாவின் விரல்களும்: தண்டுவடக் கோளாறு பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் எழுதியதில் மூன்று செய்திகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஐந்து வயதான உங்கள் டாக்சண்ட் கலப்பு நாய் நேற்றுக் காலையிலிருந்து பின்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் உங்கள் தந்தைக்கு, 57 வயதில், சில மாதங்களாகச் சட்டைப் பொத்தான் மாட்ட விரல்கள் ஒத்துழைக்கவில்லை. சில்லறைக் காசு கையிலிருந்து நழுவுகிறது. நடக்கும்போது கால் தரையில் பட்டதே சரியாகத் தெரியவில்லை. டவுன் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துக் கழுத்தில் 'எலும்புத் தேய்வு' என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உறவினர்களோ கழுத்தை நீவிச் சொடுக்கு எடுக்கும் ஒருவரிடம் அழைத்துப் போகச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியும் பின்புறம் தள்ளாடுவதால், இது ஏதாவது பரவும் நோயா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவன். மனிதரைப் பற்றிய பகுதிகளை, அரசு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் என் தங்கை படித்துத் திருத்தியிருக்கிறார்.

முதலில் நாயை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு இருக்கும் அவகாசம் மணிக்கணக்கு. அப்பாவுக்கு இருப்பது வாரக்கணக்கு.

நாயை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் செய்யப்போகும் பல சோதனைகளில் ஒன்றுதான் இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பின்கால் விரலின் எலும்பைக் கிடுக்கியால் அழுத்தி, நாய் அந்த வலியை உணர்கிறதா என்று பார்ப்பார். இதை ஆழ்வலி உணர்வு என்பார்கள். இதில் வீட்டார் மட்டுமல்ல, அனுபவம் குறைந்த மருத்துவர்களும் ஏமாறுவது உண்டு. விரலை அழுத்தியதும் நாய் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், 'உணர்ச்சி இருக்கிறது' என்று எல்லோரும் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் காலை இழுப்பது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகவே செய்யும் அனிச்சைச் செயல். தண்டுவடம் நடுமுதுகில் முற்றிலும் அறுந்துபோயிருந்தாலும் அது நடக்கும். நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள்.

ஆழ்வலி உணர்வு இருக்கும் நாய்களில், அறுவை சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது அல்லது அதற்கும் மேல் மீண்டும் நடக்கின்றன. அந்த உணர்வு போய்விட்ட நாய்களில் ஏறத்தாழ பாதிதான் நடக்கின்றன. உணர்வு இழந்த நாய்களில் பத்தில் ஒன்றுக்கோ சற்று அதிகத்துக்கோ, தண்டுவடம் அடிபட்ட இடத்திலிருந்து மேலும் கீழுமாக மென்மையாகிச் சிதையத் தொடங்கும். வயிற்றுத் தசை தளர்ந்து, முன்கால்களும் வலுவிழந்து, கடைசியில் மூச்சு நின்று சில நாட்களில் நாய் இறந்துவிடும். அந்த நிலை உறுதியானால் கருணைக் கொலையே அதற்குச் செய்யும் உதவி என்பது என் கருத்து. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன், ஏனெனில் அந்த நேரத்தில் குடும்பத்தார் அதைக் கேட்கும் நிலையில் இருப்பதில்லை.

கொண்டுபோகும்போது தட்டையான பலகையிலோ கனமான அட்டைப்பெட்டியிலோ கிடத்தி, உருளாதபடி துணியைச் சுற்றி வையுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். தடுப்பூசி போடாத நாயாக இருந்து, குணம் மாறியிருந்தாலோ, கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடிந்தாலோ வாயருகே கையைக் கொண்டுபோக வேண்டாம். வெறிநோயும் கால் செயலிழப்பாகத் தொடங்கலாம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் நீடிக்கிறது. வீட்டில் இருக்கும் மனிதருக்கான வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். குறிப்பாக, ஒருவர் ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகு இன்னொருவர் வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை கொடுத்தால் இரைப்பையும் குடலும் புண்ணாகி ஓட்டை விழும் அபாயம் உண்டு. தண்டுவடத்தால் சாகாத நாய்கள் இந்தக் கலவையால் செத்திருக்கின்றன.

உங்கள் நாய்க்கு என்ன நேர்ந்திருக்கலாம் என்பதை அதன் உடலமைப்பே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. டாக்சண்டுக்குக் குட்டைக் கால்களைத் தரும் மரபணு மாற்றமே அதன் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்குகளையும் இளவயதிலேயே காயவைத்துச் சுண்ணாம்பு படியச் செய்கிறது. பிரெஞ்சு புல்டாக், பெக்கினீஸ், ஷி சூ போன்றவையும் இதே கூட்டம்தான். சுவீடனின் ஹான்சன் 1952இல் வெளியிட்ட ஆய்வில் இந்த நோயை இரண்டு வகையாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் நிற்கிறது. முதல் வகையில், காய்ந்துபோன டிஸ்கின் உட்பகுதி ஒரு நாள் திடீரென வெடித்து வெளியேறித் தண்டுவடத்தை மோதி அழுத்தும். இரண்டாம் வகையில், டிஸ்கின் வெளிவளையம் தடித்து ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நெருக்கும். அது பெரிய இன நாய்களின் முதுமை நோய். உங்கள் நாய்க்கு முதல் வகை என்றும், நெஞ்சுப்பகுதி முடிந்து இடுப்புப்பகுதி தொடங்கும் இடத்தில் அது நேர்ந்திருக்கும் என்றும் நான் ஊகிக்கிறேன். நெஞ்சுப்பகுதியின் பெரும்பகுதியில் விலா எலும்புகளின் தலைகளை இணைக்கும் நாண் ஒன்று டிஸ்குகளுக்கு அரணாக நிற்பதால், அந்த அரண் முடிகிற இடத்துக்குக் கீழேதான் பெரும்பாலும் வெடிக்கிறது.

ஆனால் பின்கால் இழுக்கும் விலங்குக்கெல்லாம் டிஸ்க் நோய் இல்லை. ஓடி விளையாடிக்கொண்டிருந்த பெரிய நாய் ஒருமுறை கத்திவிட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து, அதன் பிறகு வலியே இல்லாமல், நிலைமை மோசமாகாமலும் இருந்தால், டிஸ்கின் துணுக்கு ஒன்று தண்டுவடத்தின் இரத்தக் குழாயை அடைத்திருக்கலாம். அதற்கு அறுவை தேவையில்லை, பராமரிப்பும் பயிற்சியும் போதும். எட்டு வயதைத் தாண்டிய ஜெர்மன் ஷெப்பர்ட் மாதக்கணக்கில் வலியின்றிப் பின்கால் நகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்தால், அது தண்டுவடச் சிதைவு நோயாக இருக்கலாம். அதற்குக் காரணமான எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றம் 2009இல் நாய்களில் கண்டறியப்பட்டது. மனிதரின் இயக்க நரம்பணு நோயில் சிலருக்கு இதே மரபணு கெட்டிருப்பது 1993இலேயே தெரிந்திருந்தது. பூனை திடீரெனப் பின்கால்கள் விழுந்து அலறினால், முதலில் கால்களைத் தொட்டுப் பாருங்கள். அவை குளிர்ந்து, பாதத்தின் மெத்தைப் பகுதி வெளிறிப்போயிருந்தால், கோளாறு தண்டுவடத்தில் இல்லை. இதய நோயால் உண்டான இரத்தக்கட்டி பின்கால்களுக்குப் போகும் பெரிய குழாயை அடைத்திருக்கிறது.

இவற்றை எப்படிப் பிரித்தறிகிறோம் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். விலங்கானாலும் மனிதரானாலும் விதி ஒன்றே: 'என்ன நோய்' என்று கேட்பதற்கு முன் 'எந்த இடம்' என்று கேட்க வேண்டும். ஸ்கேன் அதற்குப் பிறகுதான். எந்த இடம் என்று தெரியாமல் எடுத்த ஸ்கேனில் ஏதாவது ஒரு பழைய தேய்வு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு உண்மையான நோயைத் தவறவிடுவார்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் தர்க்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் புரியும். மூளையைத் துரை என்றும், தண்டுவடத்தின் ஒவ்வொரு மட்டத்திலும் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் கங்காணி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். துரையின் உத்தரவு வரும் பாதை அறுந்தால் கங்காணி இருக்கிறார், ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் கட்டுப்படுத்த யாருமில்லாததால் வேலை தாறுமாறாக நடக்கும். தசை விறைக்கும், சுத்தியலால் தட்டினால் முழங்கால் அளவுக்கு மீறித் துள்ளும். கங்காணியே விழுந்துவிட்டால் அந்தக் குழு முழுவதும் உட்கார்ந்துவிடும். தசை தொளதொளத்து மெலியும், தட்டினாலும் அசையாது. ஆகவே நோயுள்ள மட்டத்தில் தளர்ச்சியும், அதற்குக் கீழே விறைப்பும் தெரியும். நாயின் முன்கால்கள் நன்றாக இருந்து பின்கால்கள் விறைத்திருந்தால் நோய் நடுமுதுகில். பின்கால்கள் தளர்ந்திருந்தால் இடுப்புப்பகுதித் தண்டுவடத்தில். நான்கு கால்களும் தள்ளாடினால் கழுத்தில். முதுகின் இருபக்கமும் தோலை மெல்லக் கிள்ளிக்கொண்டே முன்னேறினால், எந்த இடத்துக்குப் பின்னால் தோல் சிலிர்ப்பது நின்றுபோகிறதோ அதைச் சற்று ஒட்டித்தான் நோய் இருக்கும். சிறுநீர்ப்பையும் சாட்சி சொல்லும்: மேலே அறுந்தால் பை இறுகி, அழுத்தினாலும் காலியாகாது, கீழே கெட்டால் தொட்டாலே ஒழுகும்.

இப்போது உங்கள் தந்தைக்கு வருகிறேன். விரல் நுட்பம் குறைவதும் நடை தடுமாறுவதும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வந்தால், கைக்கும் காலுக்கும் பொதுவான இடம் கழுத்துத் தண்டுவடம். நடுத்தர வயதைக் கடந்தவர்களில் தண்டுவடம் பழுதாவதற்கு மிகவும் சாதாரணமான காரணம், தேய்ந்த டிஸ்குகளும் தடித்த நாண்களும் எலும்பு முளைகளும் சேர்ந்து கழுத்தில் அதை நெருக்குவதுதான். இதில் கழுத்து வலி இருக்க வேண்டும் என்பதே இல்லை; வலி இல்லாததால்தான் இதை வயோதிகம் என்றும், நீரிழிவு நரம்புத் தளர்ச்சி என்றும், மணிக்கட்டு நரம்பு நெருக்கம் என்றும் நினைத்து ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். 'தேய்வு' என்று எக்ஸ்ரேயில் எழுதப்படுவதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்களின் கழுத்தை எடுத்தால் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு தேய்வு தெரியும். அவர்களில் அநேகர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. தேய்வு இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அது தண்டுவடத்தைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி.

அதை அறிய நீங்களே வீட்டில் இரண்டைச் செய்து பார்க்கலாம். அப்பாவைக் கைவிரல்களை முழுமையாக மூடி முழுமையாக விரிக்கச் சொல்லுங்கள். 10 வினாடியில் 20 முறை செய்ய முடியவில்லை என்றால் அது நல்ல அறிகுறி அல்ல. ஒரு குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள்; விழுந்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். மற்றவற்றை மருத்துவர் செய்வார். நடுவிரல் நகத்தைச் சுண்டினால் பெருவிரல் தானாக மடங்குகிறதா, உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேல்நோக்கி எழும்புகிறதா என்று பார்ப்பார். இரண்டாவது அடையாளத்தை 1896இல் பாபின்ஸ்கி பாரிஸில் விவரித்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைக் கற்காமல் எந்த மருத்துவ மாணவரும் வெளியேறுவதில்லை.

அப்பா பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரை நீண்டகாலத்தில் உடலில் வைட்டமின் பி12ஐக் குறைக்கக்கூடியது. பி12 மிகவும் குறைந்தால் தண்டுவடத்தின் பின்பகுதியில் ஓடும் பாதைகள் சிதைந்து, அதிர்வும் மூட்டுகளின் நிலையும் தெரியாமல் போய், கண்ணை மூடினால் ஆள் சாய்ந்துவிடுவார். இறைச்சி, முட்டை, பால் எதுவும் சாப்பிடாத சைவக்காரர்களுக்கும் இது வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியால் நிறுத்திவிடலாம். தாமதித்தால் போனது முழுவதும் திரும்பாது. இரத்தசோகை என்று எண்ணிப் பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுப்பது ஆபத்து: இரத்தம் சரியாகிவிடும், தண்டுவடம் கெட்டுக்கொண்டே போகும். கழுத்து நெருக்கமும் பி12 குறைவும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரவில் காய்ச்சல், எடை குறைவு, ஓய்விலும் தணியாத முதுகு வலி ஆகியவை இருந்தால் நினைக்க வேண்டியது வேறு. முதுகெலும்புக் காசநோயை 1779இல் பெர்சிவல் பாட் விவரித்தார். நம் நாட்டில் காசநோய் இன்னும் ஒழியவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு முதுகெலும்பிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் சீழ் கட்டலாம். மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்பவர்களுக்கு மெலியோய்டோசிஸ் கிருமியும் ஒரு காரணமாகலாம். இவை மாதக்கணக்கில் மருந்து வேண்டிய நோய்கள், நீவிவிட்டால் தீரப்போவதில்லை.

நீவிவிடுபவரிடம் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது: கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும்வரை யாரும் அதைத் திருப்பவோ சொடுக்கவோ கூடாது. சாதாரணத் தசைப்பிடிப்புக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதால் சுகம் கிடைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே நெருக்கப்பட்ட தண்டுவடம் உள்ள கழுத்தைச் சட்டென்று திருப்பி, நடந்து வந்தவர் நான்கு கைகாலும் விழுந்து தூக்கிச் செல்லப்பட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. இதே காரணத்தால் அப்பா இப்போதைக்கு உயரமான மரத்தில் குலை வெட்டுவதையும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் நிறுத்துவது நல்லது. அண்ணாந்து பார்க்கும்போது கழுத்தில் தண்டுவடம் செல்லும் எலும்புக் குழாய் மேலும் குறுகும். நாண்கள் உள்நோக்கி மடிந்து பின்னாலிருந்து அழுத்தும். நீண்ட கோலைப் பிடித்துக்கொண்டு நாள்முழுதும் அண்ணாந்து நிற்பதுதான் அவருக்கு நோயைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை, அதை நிரூபிக்க முடியாது. ஆனால் நோய் வந்த பிறகு அந்த நிலை நல்லதல்ல. குறுகிய குழாய் உள்ளவர் வாய்க்காலில் தடுக்கி முகங்குப்புற விழுந்து தலை பின்னால் வளைந்தால், எலும்பு ஒன்றும் முறியாமலே கைகள் இரண்டும் செயலிழந்துபோகக்கூடும்.

நீங்கள் போக வேண்டிய வழி: அரசு சுகாதார கிளினிக்கில் மேலே சொன்ன அறிகுறிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஈப்போ பொது மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். 'கழுத்து வலி' என்று எழுதிய கடிதம் நீண்ட வரிசையில் நிற்கும். 'கை நுட்பக் குறைவு, நடைத் தடுமாற்றம், தண்டுவட நெருக்கம் ஐயம்' என்று எழுதிய கடிதம் முன்னால் நகரும். சிறுநீர் வராமல் வயிறு உப்பினாலோ, இரண்டு தொடைகளின் உட்புறமும் மலவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, சில நாட்களுக்குள் நடை வேகமாக மோசமானாலோ கடிதத்துக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சிகிச்சை, நெருக்கத்தின் அளவையும் அறிகுறியின் கடுமையையும் பொறுத்தது. கை, கால், உணர்வு, சிறுநீர் ஆகியவற்றுக்கு மொத்தம் 18 மதிப்பெண் கொடுக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. 15 முதல் 17 வரை இலேசு, 12 முதல் 14 வரை நடுத்தரம், அதற்குக் கீழே கடுமை. 2017இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் அறுவையைப் பரிந்துரைக்கிறது. இலேசான நிலையில் அறுவையோ, கண்காணிப்புடன் கூடிய பயிற்சியோ, இரண்டில் ஒன்று. கழுத்தின் முன்பக்கமாகச் சென்று டிஸ்கை அகற்றி எலும்புகளை இணைக்கலாம். பல மட்டங்களில் நெருக்கம் இருந்தால் பின்பக்கமாகச் சென்று எலும்பு வளைவைக் கதவுபோல் திறந்துவைக்கும், ஜப்பானில் உருவான முறையைக் கையாளலாம். அறுவையின் முதல் நோக்கம் மோசமாவதைத் தடுப்பது. விரல்கள் முன்போலவே ஆகிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் அவரை நம்பாதீர்கள். ஓரளவு மீட்சி பலருக்குக் கிடைக்கிறது, சீக்கிரம் செய்தவர்களுக்குக் கூடுதலாக.

ஸ்டீராய்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். விபத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு அதிக அளவு மெதில்பிரெட்னிசொலோன் கொடுக்கும் வழக்கம் 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. பின்னர் அந்தப் புள்ளிவிவரங்களைத் திரும்ப ஆராய்ந்தபோது பலன் சொற்பம், நோய்த்தொற்றும் இரைப்பை இரத்தக்கசிவும் அதிகம் என்று தெரிந்து வழக்கம் தேய்ந்துபோயிற்று. நாய்களிலும் அது பலன் காட்டவில்லை. அதற்கு மாறாக, அடிபட்டவருக்கு 24 மணி நேரத்துக்குள் நெருக்கத்தை நீக்குவது நல்லது என்ற கருத்து 2012க்குப் பின் வலுப்பெற்றிருக்கிறது. தோட்டத்தில் யாராவது விழுந்தால் லாரியில் உட்காரவைத்துக் கொண்டுபோவது நம்மவர் பழக்கம். தலையும் உடலும் ஒரே கோட்டில் இருக்கும்படி அப்படியே கிடத்தி, 999ஐ அழைத்துக் காத்திருப்பதே சரி.

நாய்க்கு வலியுணர்வு எப்படியோ, அடிபட்ட மனிதருக்கு மலவாய்ப் பகுதியின் உணர்வு அப்படி. கால்கள் முற்றிலும் அசையாவிட்டாலும் அங்கே தொடுவது தெரிந்தால், பாதை முழுவதும் அறுந்துவிடவில்லை, மீட்சிக்கு இடமுண்டு. ஆயினும் நாயும் மனிதரும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மொரீஷியஸ் தீவில் 1817இல் பிறந்த பிரவுன்-செக்கார், விலங்குகளின் தண்டுவடத்தை ஒருபக்கம் மட்டும் அறுத்துச் செய்த சோதனைகளிலிருந்து உணர்வுப் பாதைகள் பக்கம் மாறுவதைக் கண்டறிந்தார். இன்றும் ஒருபக்கத் தண்டுவடக் காயம் பட்ட மனிதருக்கு, அடிபட்ட பக்கம் வலுவிழப்பும் எதிர்ப்பக்கம் வலியுணர்வு இழப்பும் வருவதை அவர் பெயராலேயே அழைக்கிறோம். ஆனால் நாயில் வலிப்பாதைகள் இருபக்கமும் சிதறி ஓடுவதால் அத்தனை தெளிவான பிரிவு தெரிவதில்லை. நடையும் அப்படித்தான். நாயின் இடுப்புத் தண்டுவடமே கால்களை மாறிமாறி எடுத்துவைக்கும் தாளத்தை உண்டாக்க வல்லது. அதனால் வலியுணர்வு திரும்பாத சில நாய்கள்கூட மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின் தள்ளாடியபடி நடக்கின்றன. அந்த நடை மூளையின் ஆணையின்றி நடப்பது. மனிதர் இரண்டே காலில், மூளையிலிருந்து வரும் பாதையை நம்பி நிற்பவர். அவருக்கு அது வாய்ப்பதில்லை. 2012இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூக்கின் சளிச்சவ்விலிருந்து எடுத்த உயிரணுக்களை 34 வளர்ப்பு நாய்களைக் கொண்ட ஆய்வில் சோதித்தார்கள். உயிரணு செலுத்தப்பட்ட நாய்களில் முன்கால் பின்கால் ஒத்திசைவு கூடியது. மூளையோடு தொடர்பு மீண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், 'ஸ்டெம் செல்' ஊசி என்று விளம்பரம் செய்து பல்லாயிரம் ரிங்கிட் கேட்பவர்கள் நாய் நடந்த காணொளியைத்தான் காட்டுகிறார்கள்.

நாய்க்கு அறுவை செய்ய வேண்டுமானால் இங்கிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கு வரை போக வேண்டியிருக்கலாம். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. புறப்படுமுன் உங்கள் மருத்துவர் தொலைபேசியில் பேசி ஸ்கேன், அறுவை இரண்டும் உடனே கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ளட்டும். செலவு ஆயிரக்கணக்கில் வரும். அது முடியாது, வலியுணர்வு இருக்கிறது என்றால், குறைந்தது நான்கு வாரம் கூண்டில் அடைத்துவைத்துப் பார்ப்பது மானக்கேடான முடிவு அல்ல. கூண்டு என்றால் கூண்டுதான். அறைக்குள் விடுவதும், சோபாவில் தூக்கிவைப்பதும் கணக்கில் வராது.

அந்த வாரங்களில் நாயைக் காப்பாற்றுவதோ கொல்வதோ சிறுநீர்ப்பைதான். நாளுக்கு மூன்று நான்கு முறை வயிற்றை இருபுறமும் மெல்ல அழுத்திக் காலிசெய்ய மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். ஒழுகுவதைப் பார்த்து 'தானே போகிறது' என்று விட்டுவிட்டால், நிரம்பி வழிகிற பையில் கிருமி பெருகும். மனிதரிலும் வரலாறு இதுதான். 1944இல் லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மான்டவில்லில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கும்வரை, கால் செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தார்கள். அவர் அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தார், சிறுநீரைச் சுத்தமாக வெளியேற்றினார், உடற்பயிற்சியும் விளையாட்டும் கொடுத்தார். உயிர் பிழைத்தவர்கள் வாழத் தொடங்கினார்கள்.

அப்பா இன்னும் வேலையில் இருப்பதால் ஒன்று கூடுதலாக: தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் உடற்தகுதியிழப்புத் திட்டம் வேலையிடத்து விபத்துக்கு மட்டும் உரியதல்ல, எந்த நோயால் சம்பாதிக்கும் திறன் போனாலும் பொருந்தும், ஆனால் 60 வயதுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், சந்தா நிபந்தனையும் உண்டு. மருத்துவக் கடிதங்களை இப்போதிருந்தே கோப்பில் சேர்த்து வையுங்கள். அறுவைக்குப் பின் பயிற்சி தேவைப்பட்டால் மலாக்காவிலுள்ள பெர்கேசோ மறுவாழ்வு மையத்தைப் பற்றியும் கேளுங்கள்.

கடைசியாக ஆட்டுக்குட்டி. உங்கள் நாயிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ அதற்கு எதுவும் தொற்றவில்லை. ஆசிய நாடுகள் சிலவற்றில், மாட்டின் வயிற்றறையில் தீங்கின்றி வாழும் செட்டாரியா என்னும் நூற்புழுவின் குஞ்சுகளைக் கொசு ஆட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அவை வழிதவறித் தண்டுவடத்துக்குள் நுழைந்து ஆட்டை முடமாக்குவதும் உண்டு. மாடும் ஆடும் அடுத்தடுத்த கொட்டகையில் இருந்தால் இதை ஐயப்பட வேண்டும். பிறந்து சில வாரங்களான குட்டி என்றால், தாய்க்குச் செம்புச் சத்து குறைந்ததால் குட்டியின் தண்டுவடம் சரியாக வளராமல் போயிருக்கலாம். இதைக் கேட்டு உடனே செம்பு மருந்து வாங்கி ஊற்றிவிட வேண்டாம். நம் வட்டாரத்தில் தீவனமாகப் போடும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் செம்பு ஏற்கெனவே அதிகம். அதைத் தொடர்ந்து தின்ற செம்மறிகள் செம்பு நஞ்சேறி இறந்திருக்கின்றன. குட்டி இறந்துவிட்டால் புதைப்பதற்கு முன் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஈரலையும் தண்டுவடத்தையும் ஈப்போவிலுள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்பிப் பார்த்தால், மீதியுள்ள ஆடுகளுக்குப் பூச்சி மருந்து வேண்டுமா, தீவனத்தை மாற்ற வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.